அந்தச் சிவப்பு மூளைப் படம்: டி2 ஏற்பி ‘அழிந்துவிட்டது’ என்பது எவ்வளவு தூரம் உண்மை?

விலங்கியல் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் போதை ஒழிப்பு விழிப்புணர்வு நாள். பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவன் என்பதால் மூளையைப் பற்றிப் பேசும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் கொடுத்த சுவரொட்டியில் இரண்டு மூளைப் படங்கள். இடப்பக்கம் ‘ஆரோக்கியமான மூளை’: நடுவில் இரண்டு திட்டுகள் சிவப்பாக ஒளிர்கின்றன. வலப்பக்கம் ‘போதை அடிமையின் மூளை’: அதே இடம் பச்சையும் மஞ்சளுமாக மங்கிக் கிடக்கிறது. கீழே ஒரே வரி: ‘டோபமின் ஏற்பிகள் அழிந்துவிட்டன.’ (டோபமின் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்; அது வந்து ஒட்டும் இடம்தான் ஏற்பி.)

படம் எங்கிருந்து வந்தது என்று எதுவும் போடவில்லை. ஏற்பிகள் உண்மையிலேயே அழிகின்றனவா? அழிந்தால் திரும்ப வருமா? என் வகுப்பில் முதல் வரிசைப் பையன்கள் நிச்சயம் கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நள்ளிரவுப் பணி

ஐயா, மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். நீங்கள் சொல்லும் படம் பெரும்பாலும் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகப் படங்களின் வழியில் வந்ததாக இருக்கும். நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் இருக்கிறது அது. நோரா வோல்கோவ் என்ற மனநல மருத்துவரும், ஜோஆன்னா ஃபவுலர் என்ற வேதியியலாளரும், ஜீன்-ஜாக் வாங்கும் சேர்ந்து பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு அது எங்கே தங்குகிறது என்று படமெடுப்பது) மூலம் போதைப் பழக்கம் உள்ளவர்களின் மூளையில் டோபமின் ஏற்பிகளை அளந்தார்கள்.

டோபமின் ஏற்பிகள் ஐந்து வகை. டி1, டி5 ஒரு குடும்பம். டி2, டி3, டி4 இன்னொன்று. சுவரொட்டியில் இருப்பது டி2. சிவப்பாகத் தெரியும் இடம் ஸ்ட்ரையேட்டம், மூளையின் ஆழத்தில் இருபுறமும் இருக்கும் பகுதி.

1993இல் அந்தக் குழு வெளியிட்ட கட்டுரைதான் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. கொக்கைன் பழக்கத்தை நிறுத்தியவர்களுக்கு ஸ்ட்ரையேட்டத்தில் டி2 அளவு குறைந்திருந்தது. நிறுத்தி மூன்று, நான்கு மாதம் ஆன பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. டி2 குறைவாக உள்ளவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி குளுக்கோஸ் எரிப்பதும் குறைந்திருந்தது. இச்சையைக் கட்டுப்படுத்தும் வேலையில் பங்கெடுக்கும் பகுதி அது. அதனால்தான் அந்தக் கட்டுரை அவ்வளவு பேசப்பட்டது. பிறகு மது, ஹெராயின், மெத்தாம்ஃபெட்டமின் என்று வரிசையாக இதே திசையில் முடிவுகள் வந்தன. 2001இல் மிகையான உடல் பருமன் உள்ள பத்துப் பேரிடமும் டி2 குறைவு என்று ஒரு கட்டுரை. அது மட்டும் பிந்தைய ஆய்வுகளில் சீராக நிற்கவில்லை.

ஆகவே குறைவு என்பது உண்மை. ‘அழிந்துவிட்டன’ என்பது சுவரொட்டி எழுதியவரின் கைவண்ணம்.

எதிர்க்கட்சி

வோல்கோவ் பெயரைச் சொன்னதால் ஒரு கொசுறு: அவர் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி. மெக்சிகோ நகரில் ட்ராட்ஸ்கி கொல்லப்பட்ட அதே வீட்டில் வளர்ந்தவர். 2003இல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்கே இயக்குநர் ஆனார். ‘போதைப் பழக்கம் ஒரு மூளை நோய்’ என்ற வாதத்தின் மிகப் பெரிய குரல் அவர்தான். எனவே அந்தப் படங்கள் அறிவியல் சான்று மட்டும் அல்ல, ஒரு கட்சியின் தேர்தல் சின்னமும்கூட என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த நிதிக் குழுவும் மயங்கும்.

சைக்ளோட்ரான் செல்வி

நிறத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அணுக்கரு மருத்துவத் தொழில்நுட்பர் நான். இப்போது வேலை செய்யும் இடத்தில் காலை முதல் மாலை வரை புற்றுநோயாளிகளுக்கான எஃப்டிஜி (கதிரியக்கக் குளுக்கோஸ்) ஸ்கேன்தான். வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தபோது ராக்லோப்ரைட் ஸ்கேன் எடுப்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ராக்லோப்ரைட் என்பது டி2, டி3 ஏற்பிகளில் போய் ஒட்டும் ஒரு மருந்து. அதில் ஒரு கார்பன் அணுவை எடுத்துவிட்டுக் கதிரியக்கக் கார்பன்-11 வைக்கிறார்கள். கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம் சொச்சம். துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவியில் நைட்ரஜன் வாயுவைப் புரோட்டான்களால் தாக்கி அதை உண்டாக்கியதுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஈயச் சுவருக்குள் இருக்கும் தானியங்கிக் கருவியில் மருந்தோடு அதை இணைத்து, சுத்திகரித்து, தரம் பார்த்து, சிரிஞ்சில் ஏற்றுவதற்குள் நாற்பது நிமிடம் போனால் முக்கால்வாசி கதிரியக்கம் போய்விட்டது என்று பொருள். இந்தப் பக்கம் நோயாளியின் தலைக்கு வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தோடு அழுத்தி அச்செடுத்து, மேசையோடு பூட்டி வைத்திருப்போம். அவருக்கு மூக்கு அரித்தாலும் அசையக் கூடாது. மருந்து தயாரிப்பில் ஏதாவது கோளாறு என்றால் அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். இதனால்தான் இந்த ஆய்வுகளில் பத்துப் பேர், இருபது பேர் என்று ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள். சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாத மருத்துவமனையில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் போல ஸ்கேன். ஸ்ட்ரையேட்டத்தில் எவ்வளவு தங்கியது என்பதைச் சிறுமூளையில் தங்கியதோடு ஒப்பிடுகிறோம். சிறுமூளையில் டி2 ஏறக்குறைய இல்லை என்பதால் அதுதான் அடிக்கோடு. கிடைப்பது ஒரு விகிதம். அந்த எண்களுக்கு எந்த இடத்தில் பச்சை முடிந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதைத் திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டையை இழுத்து நாங்கள்தான் முடிவு செய்கிறோம். பதினைந்து சதவீத வித்தியாசத்தைக் கண்ணுக்கே தெரியாதபடியும் காட்டலாம், பாதி மூளை காணாமல் போனது போலவும் காட்டலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஸ்கேன் ஏற்பிகளை எண்ணுவதில்லை. பஸ்ஸில் காலியாக இருக்கும் இருக்கைகளில்தான் புதிதாக ஏறியவர் உட்கார முடியும் அல்லவா? ராக்லோப்ரைட்டும் அப்படித்தான். ஏற்கெனவே டோபமின் உட்கார்ந்திருக்கும் ஏற்பியில் அதற்கு இடமில்லை. ஆகவே ஸ்கேனில் மங்கலாகத் தெரிந்தால் இருக்கைகளே குறைவாகவும் இருக்கலாம், இருக்கைகள் நிரம்பி வழியவும் செய்யலாம். கட்டுரைகளில் ‘ஏற்பியின் எண்ணிக்கை’ என்று எழுதாமல் ‘கிடைக்கும் ஏற்பி’ என்று ஜாக்கிரதையாக எழுதுவது இதனால்தான். சுவரொட்டிக்காரர்களுக்கு அந்த ஜாக்கிரதை கிடையாது.

விலங்கியல் வாத்தியார்

செல்வி அம்மா, மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. அப்படியானால் போதைப் பழக்கம் உள்ளவர் மூளையில் டோபமின் நிரம்பி வழிவதால்தான் படம் மங்கலாக இருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால் என்ன பதில்?

நள்ளிரவுப் பணி

அதற்குப் பதில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டயானா மார்ட்டினெஸ் குழு செய்த ஆய்வு, 2009. டோபமின் உற்பத்தியைத் தற்காலிகமாக அடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, கொடுப்பதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் எடுத்தார்கள். டோபமின் இறங்கிப் போனால் அது பிடித்திருந்த ஏற்பிகள் காலியாகும், ராக்லோப்ரைட் கூடுதலாக ஒட்டும். எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் முன்பு எவ்வளவு டோபமின் இருந்தது என்று கணக்கிடலாம்.

கொக்கைன் பழக்கம் உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல், மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதாவது அவர்கள் மூளையில் டோபமினும் குறைவுதான். நிரம்பி வழிகிறது என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது. 1997இலேயே வோல்கோவ் குழு மூளையில் டோபமினைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது, கொக்கைனை நிறுத்தியவர்களுக்கு டோபமின் சுரப்பு மற்றவர்களுக்கு வரும் அளவுக்கு வரவில்லை. போதை ஏறியதாக அவர்கள் உணர்ந்ததும் குறைவு. ஆனால் கொக்கைன் வேண்டும் என்ற தவிப்பு கூடியது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிகவும் சங்கடமான முடிவு இதுதான்: இன்பம் குறைகிறது, ஏக்கம் கூடுகிறது.

புள்ளிவிவரப் பூனை

யாரும் சொல்லாத ஒன்று. சுவரொட்டியில் ஒரு நல்ல மூளை, ஒரு கெட்ட மூளை. கட்டுரையின் வரைபடத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி, இரண்டு கூட்டங்கள், நடுவில் பெரிய அளவில் ஒன்றன்மேல் ஒன்று கலந்து கிடக்கும். கொக்கைனைத் தொட்டே பார்க்காத சிலரின் டி2, நீண்டகாலம் உபயோகித்த சிலரைவிடக் குறைவு. வயது ஏற ஏற எல்லோருக்கும் டி2 குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரி வித்தியாசம் நிஜம். ஆனால் ஒரு தனி மனிதரின் ஸ்கேனைக் காட்டி இவர் எந்தக் கூட்டம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சுவரொட்டிக்கு எந்த இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கஞ்சாவில் இந்த டி2 குறைவு பொதுவாகத் தென்படவே இல்லை என்பதையும் அந்தச் சுவரொட்டி சொல்லாது.

எதிர்க்கட்சி

பூனையாருக்கு என் ஓட்டு. இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். டி2 குறைந்ததால் போதையில் விழுந்தார்களா, போதையில் விழுந்ததால் டி2 குறைந்ததா? பழக்கம் முற்றியவர்களை மட்டும் ஸ்கேன் செய்தால் அது ஒருநாளும் தெரியப் போவதில்லை. மனிதர்களுக்குக் கொக்கைன் பழக்கி வேடிக்கை பார்க்கவும் முடியாது.

நள்ளிரவுப் பணி

மனிதர்களிடம் முடியாததைக் குரங்குகளிடம் செய்தார்கள். எதிர்க்கட்சியாரே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்கே பிடிக்கும்.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழு. 2002இல் வெளிவந்த ஆய்வு. இருபது மக்காக் குரங்குகளைத் தனித்தனிக் கூண்டில் வளர்த்து முதலில் எல்லாவற்றுக்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நான்கு நான்காகச் சேர்த்துக் குடியமர்த்தினார்கள். குரங்குகள் கூட்டமாக இருந்தால் சில நாட்களில் யார் பெரியவர், யார் அடங்கிப் போகிறவர் என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். தலைமைக்கு வந்த குரங்குகளின் டி2 அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. அடங்கிப் போனவற்றுக்கு மாற்றமில்லை. தனியாக இருந்த காலத்து ஸ்கேனில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை என்பதைக் கவனியுங்கள். பதவிதான் ஏற்பியை உயர்த்தியது. ஏற்பி பதவியைக் கொடுக்கவில்லை.

அடுத்து, நெம்புகோலை அழுத்தினால் கொக்கைன் கிடைக்கும்படி வைத்தார்கள். அடங்கிப் போன குரங்குகள் விடாமல் அழுத்தின. தலைமைக் குரங்குகள் பெரிதாக நாட்டம் காட்டவில்லை.

2006இல் அதே குழு இன்னொரு கேள்வி கேட்டது. கொக்கைனே அறியாத குரங்குகளை முதலில் ஸ்கேன் செய்தார்கள். தொடக்கத்திலேயே டி2 குறைவாக இருந்தவை பிறகு அதிகமாக எடுத்துக்கொண்டன. இது ஒரு பக்கம். எடுக்கத் தொடங்கிய ஒரே வாரத்தில் டி2 மேலும் 15 முதல் 20 சதவீதம் இறங்கியது. இது மறுபக்கம். ஆக உங்கள் கேள்விக்குப் பதில், இரண்டும்தான்.

எலியிலும் இதற்குத் துணை உண்டு. கேம்ப்ரிட்ஜில் ஜெஃப்ரி டாலி குழு 2007இல் காட்டியது: காத்திருக்கத் தெரியாத, அவசரப்படும் எலிகளுக்குக் கொக்கைன் கொடுப்பதற்கு முன்பே ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பகுதியில் டி2, டி3 குறைவு, பிறகு அவைதான் கூடுதலாகக் கொக்கைனை எடுத்துக்கொண்டன.

மனிதர்களிடம் கிடைத்த மறைமுகச் சான்று ஒன்று. 1999இல் போதைப் பழக்கமே இல்லாத 23 ஆண்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் ஊசி போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சிலர் சுகமாக இருக்கிறது என்றார்கள், சிலர் தாங்கவில்லை என்றார்கள். சுகம் என்றவர்களின் டி2 குறைவு; தாங்கவில்லை என்றவர்களின் டி2 அதிகம். 2006இல், குடிநோய் பரவிய குடும்பத்தில் பிறந்தும் குடியில் விழாதவர்களைத் தேடி ஸ்கேன் செய்தார்கள். அவர்களின் டி2, சாதாரணக் குடும்பத்தவரைவிட அதிகமாக இருந்தது. காவல் நிற்கிறது போலும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

வாத்தியார் ஐயா, “திரும்ப வருமா?” என்று கேட்பார்கள் என்றீர்களே. 2006 குரங்கு ஆய்வில் கொக்கைனை நிறுத்திய பிறகு சிலவற்றுக்குச் சில மாதங்களில் பழைய அளவுக்கு வந்தது. சிலவற்றுக்கு ஓராண்டு ஆகியும் வரவில்லை. மாணவர்களிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி

பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் நீங்கள் சொன்ன குரங்குக் கதையே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. கூண்டு மாறியதும், மரியாதை கிடைத்ததும் ஏற்பி மாறுகிறது என்றால் அதை ‘மூளை நோய்’ என்று மட்டும் அழைப்பது எப்படி நியாயம்? வியட்நாமில் இருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் 1970களில் ஆராய்ந்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. நிலம் மாறியது, நண்பர்கள் மாறினார்கள், கதை முடிந்தது.

நள்ளிரவுப் பணி

அந்தக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேடர் குழு பிறகு பார்த்தபோது, நெடுங்காலம் கொக்கைனில் ஊறிய குரங்குகளிடம் தலைமைப் பதவியின் அந்தப் பாதுகாப்பு மங்கிவிட்டது. இடமாற்றம் எல்லோரையும் எந்தக் கட்டத்திலும் காப்பாற்றும் என்று அதை நீட்டாதீர்கள். என் வார்டில் ஊர் மாறி, வேலை மாறி, வீட்டையும் மாற்றிவிட்டு நான்காவது முறையாகச் சேர்ந்திருப்பவர் இருக்கிறார்.

மாப்பிள்ளை பெஞ்ச்

நுழைவதற்கு மன்னியுங்கள். டி2, டி3 என்று படித்ததும் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. என் மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய். பிரமிபெக்சோல் மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் குறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர், ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுக இணைய ரம்மியில் விட்டிருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் கைபேசி வெளிச்சம். வங்கிப் புத்தகத்தைப் பதிவு செய்யப் போன மாமியார்தான் கண்டுபிடித்தார். மருத்துவர் மாத்திரையை மெல்லக் குறைத்தார். சில வாரங்களில் அந்த வெறி தானாக அடங்கியது. இப்போது கேட்டால், ஏன் ஆடினேன் என்று எனக்கே தெரியவில்லை என்கிறார். இதற்கும் நீங்கள் பேசுவதற்கும் தொடர்பு உண்டா?

நள்ளிரவுப் பணி

நேரடித் தொடர்பு. பிரமிபெக்சோல், ரோபினிரோல் இரண்டும் டோபமினைப் போல நடித்து ஏற்பிகளைத் தூண்டுபவை, டி3 மீது கூடுதல் பிடிப்பு உள்ளவை. 2010இல் அமெரிக்கா, கனடாவில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த வகை மருந்து எடுப்பவர்களில் 17.1 சதவீதத்தினருக்குச் சூதாட்டம், அடங்காத செலவு, மிகையான உணவு, பாலுணர்வு என்று ஏதாவது ஒரு கட்டுப்பாட்டுச் சிக்கல் இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். மருந்து தொடங்கும்போதே குடும்பத்தாரிடம் சொல்லி வைக்க வேண்டிய விஷயம். பல இடங்களில் சொல்வதில்லை.

எதிர்க்கட்சியாருக்கு: இங்கே சூழல் மாறவில்லை, நண்பர்கள் மாறவில்லை, மாத்திரை மட்டும்தான் மாறியது.

எதிர்க்கட்சி

சரி, இந்தச் சுற்று உங்களுக்கு.

காவேரிக்கரையான்

இழை முழுவதும் படித்தேன். என் அண்ணன் பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். ஒரு யூடியூப் காணொலியில் ‘டோபமின் விரதம்’ (கைபேசி போன்ற இன்பங்களைச் சில நாள் ஒதுக்கி வைப்பது) இருந்தால் ஏற்பி முப்பது நாளில் புதிதாகிவிடும் என்றார்கள். இன்னொருவர் மூளை ஸ்கேன் எடுத்து டி2 அளவைப் பார்த்தால் எந்த மருந்து பொருந்தும் என்று தெரியும் என்கிறார். பணத்தைப் புரட்டிவிடலாம். எடுக்கலாமா? அண்ணி நாளைக்கே குடியை நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைக்கலாம் என்கிறார்.

சைக்ளோட்ரான் செல்வி

அண்ணா, பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மையங்களில் பெட் என்று எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் எஃப்டிஜி. அது திசு குளுக்கோஸ் எடுப்பதைக் காட்டும், டி2 ஏற்பியைக் காட்டாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யும் ஏற்பியைக் காட்டாது. வண்ணப் படம் ஒன்று அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

நள்ளிரவுப் பணி

ஐயா, முதலில் அவசரமானது: பூட்டி வைக்க வேண்டாம். தினமும் நிறையக் குடிக்கும் ஒருவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், அதன் பிறகு சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே செலவு மிகக் குறைவு.

ஸ்கேன் பற்றி: டி2 அளவைப் பார்த்து மருந்து தேர்வு செய்யும் முறை உலகில் எங்கும் வழக்கத்தில் இல்லை. இன்னும் ஒன்று சொல்கிறேன், ஏமாற்றமாகத்தான் இருக்கும். முப்பது ஆண்டுக்கு மேல் டி2வைச் சுற்றி இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும், அதை அடைத்தோ தூண்டியோ குடியையோ கொக்கைனையோ நிறுத்தும் மருந்து என்று எதுவும் நிலைபெறவில்லை. கொக்கைனுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தே கிடையாது. இன்று பயன்படுபவை வேறு கதவு வழியே நுழைபவை: மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அது ஓபியாய்டு ஏற்பியை (அபின் வகைப் பொருள்கள் ஒட்டும் இடம்) அடைக்கிறது, ஹெராயினுக்கு மெத்தடோன், பியூப்ரினார்ஃபின், அவையும் அதே ஏற்பியில்தான், புகைக்கு வரெனிக்ளின், அது நிக்கோட்டின் ஏற்பியில். பெட் ஸ்கேன் நோயைப் புரிந்துகொள்ள உதவியது. மருந்துச் சீட்டு எழுத இன்னும் உதவவில்லை.

டோபமின் விரதத்தைப் பற்றி ஒரே வரி: கைபேசியை ஒதுக்கி வைப்பது நல்லதுதான், ஆனால் முப்பது நாளில் ஏற்பி புதிதாகும் என்று அளந்து காட்டியவர் யாரும் இல்லை.

காவேரிக்கரையான்

நன்றி டாக்டர். பூட்டும் யோசனையை அண்ணியிடம் இப்போதே பேசிக் கைவிடச் செய்துவிட்டேன். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அதுவரை? நால்ட்ரெக்சோன் கேட்டால் கொடுப்பார்களா? முதுகு வலிக்கு ஏதோ மாத்திரை வேறு தினமும் போடுகிறார்.

நள்ளிரவுப் பணி

திங்கள் வரை குடியைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காகப் போகட்டும். கை அதிகமாக நடுங்கினாலோ, இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, வலிப்பு வந்தாலோ திங்கள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐ அழைக்கலாம்.

நால்ட்ரெக்சோன் தொடங்குவதற்கு முன் கல்லீரல் இரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். அந்த முதுகு வலி மாத்திரையின் அட்டையை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். அதில் டிரமடோல் இருந்தால் அதை நிறுத்திச் சில நாள் இடைவெளி விட்ட பிறகுதான் நால்ட்ரெக்சோனைத் தொடங்க முடியும். இல்லாவிட்டால் உடம்பு முறுக்கி, வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிடுவார். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே காட்டுங்கள்.

விலங்கியல் வாத்தியார்

அந்தச் சுவரொட்டியை மாட்டப் போவதில்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். படம் இல்லாமல் எப்படி என்கிறார். செல்வி அம்மா, ஆட்களைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தைக் கையால் பெரிதாக வரைந்து மாட்டலாம் என்று இருக்கிறேன். சிறுமூளையோடு ஒப்பிட்டு வரும் விகிதம்தான் செங்குத்து அச்சு, சரியா?

சைக்ளோட்ரான் செல்வி

சரிதான் ஐயா. கிடைமட்ட அச்சில் வயதைப் போடுங்கள். அப்போதுதான் இரண்டு கூட்டமும் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பது பின்வரிசைக்கும் தெரியும்.